கண்ணாடி உண்டியல்

கொடுக்கத் தெரியாத ஊர் என்று சந்தியாபட்டினத்தை யாரும் சொல்லிவிட முடியாது. கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த ஒருவர், விசிறி சுற்றினால் இறக்கையில் எழுதிய தன் பெயர் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அதற்காக அந்த விசிறியை நிறுத்திவைத்து, வேர்க்க வேர்க்கப் பூசை பார்த்த ஊர் அது. கொடுப்பார்கள். கொடுத்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மணிக்கூண்டு வசூலுக்குப் பிறகு ஊர் கொஞ்சம் உஷாராகிவிட்டது. இரண்டு வருடம் வீடு வீடாக வாங்கிய பணம், கூண்டும் எழும்பாமல் மணியும் வராமல், போன இடம் தெரியாமல் போனது. அந்தக் கோபம் தணியட்டும் என்றுதான் புதுக் கமிட்டி 'மிச்சம்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்தார்கள். வங்கிகள் எல்லாம் வெறும் பெயர்ப்பலகையாகிவிட்ட காலம். சம்பளமானாலும் மீன் வாங்கிய காசானாலும் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குத் தாவும். 'மிச்ச'த்தில் ஒரு முகவரியைப் போட்டால், அதற்கு வந்து இன்னும் செலவாகாமல் கிடக்கிற ஒவ்வொரு காசுத் துண்டையும் தனித்தனியாகக் காட்டும். எப்போது வந்தது, எவ்வளவு, போட்டவர் எழுதிய பெயர் என்ன, எல்லாம் வரும். உலகத்தில் யாரும் பார்க்கலாம். உண்டியலைக் கண்ணாடியில் செய்து நடுத்தெருவில் வைத்த மாதிரி. கோயிலைச் சேர்ந்த பங்கு மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை மாட்டி அதை ஓடவிட்டார்கள். ஊருக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அந்த ஆனி மாதத்தில், தூர தேசத்துக் கழிமுகம் ஒன்றில் ஒரு எண்ணெய்க் கப்பலைக் கொள்ளைக்காரர்கள் மடக்கினார்கள். கப்பலில் ஊர்க்காரர்கள் இருவர். கஸ்பார் இரண்டாம் இன்ஜினியர். ஊர் கால்பந்து அணிக்குப் பத்து வருடம் கோல்கீப்பர். லீவில் வந்தால் தெருவே கலகலக்கும். இன்னாசி சமையல்காரர், வாயைத் திறக்கவே யோசிக்கிற மனிதர். பிடிபட்ட செய்தி வந்தபோது பாதி ஊருக்கு அவர் முகமே நினைவுக்கு வரவில்லை. கப்பல் கம்பெனி திவாலாகிவிட்டதால் பணயத்தொகையை ஊர்தான் கட்டவேண்டும் என்றாகிவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் பேரம் பேச மிருணாளினி என்று ஒரு சென்னை அம்மாளை மட்டும் அமர்த்திக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

ஆளுக்கு நாற்பது லட்சம். கமிட்டி இரண்டு முகவரிகளைத் திறந்து, ஐந்து பேர் கையில் சாவி கொடுத்தது. மூன்று பேர் சாவி போட்டால்தான் காசு நகரும்.

கஸ்பாரின் மனைவி பிலோமி காலையில் மண்டபம் திறந்ததும் வந்து திரைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து நாற்காலியில் இன்னாசியின் மனைவி ஜெசிந்தா. கஸ்பாரின் எண் மளமளவென்று ஏறியது. கிழக்குத் தெரு பீட்டர் மோத்தா ஐம்பதாயிரம் போட்டால், மேற்குத் தெரு ரொட்ரிகோ ஐம்பத்தோராயிரம் போடுவார். இன்னாசியின் எண் ஆறு லட்சத்தில் வந்து படுத்துக்கொண்டது. "உங்க வீட்டுக்காரரு வந்தா போதும்க்கா, எங்க வீட்டுக்காரரையும் எப்படியும் கூட்டிட்டு வந்துருவாவ" என்பாள் ஜெசிந்தா. பிலோமி அவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இருபத்திரண்டாம் நாள் பகல் பதினோரு மணிக்குக் கஸ்பாரின் எண் நாற்பது லட்சத்தைத் தொட்டது. வெளியே வெடி போட்டார்கள். கமிட்டித் தலைவர் கொரைரா அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, கொடுத்தவர்கள் பெயரை ஒன்றுவிடாமல் வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் மிருணாளினியிடமிருந்து போன் வந்துவிட்டது. கேட்கிற தொகை இப்போது ஐம்பத்தைந்து லட்சம்.

ஊர் பதறவில்லை. வீம்பு பிடித்துக்கொண்டது. பதினாறு நாளில் ஐம்பத்தைந்தையும் எட்டினார்கள். அன்றைக்கே அது எழுபதாயிற்று.

"அவனுவளுக்கு மனுசத்தன்மையே கிடையாதா மேடம்?" என்று பிலோமி போனில் அழுதாள்.

"அங்க மனுஷங்க யாரும் பேசலைங்க" என்றாள் மிருணாளினி. "ஆளைப் பிடிச்சு வெச்சிருக்கிறதுதான் அவங்க. விலை வெக்கிறது ஒரு ப்ரோக்ராம். வாடகைக்கு எடுத்திருக்காங்க. உங்க ஊர் மண்டபத்துல பாக்குறீங்களே, அதே 'மிச்ச'த்தை அதுவும் மணிக்கு ஒரு தடவை பாக்குது. எண் ஏறினா விலையும் ஏறும்."

"அப்ப காச வேற முகவரிக்கு மாத்திட்டா?"

"எங்க போச்சுன்னு அதுவே காட்டிடும்."

"என்னதாங்க செய்ய?"

மிருணாளினி கொஞ்சம் தயங்கினாள். "நான் ஒண்ணு சொல்றேன். வெளிய சொல்லக் கூடாது. தெரிஞ்சா மாத்திடுவாங்க. தொடர்ந்து இருபத்தொரு நாள் எண் அசையாம இருந்தா, இவங்ககிட்ட இவ்வளவுதான் இருக்குன்னு அது முடிவு பண்ணும். இருக்கிறதை வாங்கிட்டு ஆளை விட்டுடும். நாலு கேஸ்ல பாத்திருக்கேன். ஆனா அதுக்கு நடுவுல ரெண்டு மூணு தடவை உலுக்கிப் பாக்கும்."

"உலுக்கன்னா?"

"எண் மட்டும் அசையாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மிருணாளினி போனை வைத்தாள்.

பிலோமி அன்று மாலையே கொரைரா அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். காரணத்தைச் சொல்லாமல், ஒரு மாதம் வசூலை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டாள்.

"என்ன பேச்சு பேசுத நீ? சனம் அள்ளி அள்ளிக் குடுக்கு. இப்பப் போயி வேண்டாம்னு சொன்னா ஊரக் கேவலப்படுத்துன மாதிரி ஆயிராதா?"

"அப்ப பேரு தெரியாம ஒரு பெட்டியில போடச் சொல்லுங்க அண்ணாச்சி. திரையில வராம."

அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும் நல்ல மனிதர், ஒரு வாரம் பெட்டி வைத்தார். கோயில் வாசலில், பூட்டுப் போட்டு, பெயர் எழுத இடமில்லாமல். ஏழாம் நாள் திறந்தபோது இருநூற்றுப் பத்து ரூபாயும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. அதே வாரம் திரையில் கஸ்பாருக்கு மூன்று லட்சம் ஏறியிருந்தது.

ஊரை நிறுத்தச் சொல்லி நிறுத்த முடியாது என்று அப்போதுதான் பிலோமிக்கு உறைத்தது. ஊருக்குக் கஸ்பாரைப் பிடிக்கிறது. பிடிக்கிறவரை கொடுப்பார்கள். கொடுக்கிறவரை அவன் வரமாட்டான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பிலோமி, கொரைரா அண்ணாச்சியின் மனைவியான ரொசலின் மாமியைத் தனியாகக் கூப்பிட்டாள். மாமியிடம் ஒரு சேதியைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடிப்புத் தேவைப்படவில்லை.

"யார்ட்டயும் சொல்லிராதீய மாமி. எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ல ஒருத்தி இருக்கா. ஒரு பிள்ளையும் இருக்கு. சம்பளத்துல பாதி அங்கதான் போவுது. எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். மானத்துக்குப் பயந்து வாயத் தொறக்கல."

மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பத்து மணிக்குப் புறப்பட்ட சேதி, பன்னிரண்டுக்குக் கலங்கரை விளக்கைத் தாண்டி, மூன்று மணிக்குப் பிலோமியின் வாசலுக்கே திரும்பி வந்தது. ஒற்றைப் பிள்ளையாகப் போனது, வரும்போது இரட்டைப் பிள்ளையாகியிருந்தது.

திங்கட்கிழமை எண் அசையவில்லை. கஸ்பாரின் ஐம்பத்தெட்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் அப்படியே நின்றது. மண்டபத்தில் அவனுக்குக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். எடுக்க முடியாது என்றதும் இன்னும் கொதித்தார்கள். அசிங்கப்பட்ட கொடையைக் கழுவ அவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பீட்டர் மோத்தா இன்னாசிக்கு ஐம்பதாயிரம் போட்டார். புதன்கிழமை ரொட்ரிகோ ஐம்பத்தோராயிரம்.

ஜெசிந்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எக்கா, பாத்தீயளா, ஒரே நாள்ல எம்புட்டு ஏறிட்டு!" பிறகு பிலோமியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க மனசத் தளரவிடாதீங்க. ஆம்பள புத்தி, என்ன செய்யுதது."

அப்போதே சொல்லியிருக்கலாம். பிலோமிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தால் ஜெசிந்தாவின் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். பொய் என்று தெரிந்த மறுநிமிடம் ஊர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கஸ்பாருக்கு அள்ளிக் கொட்டும். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பிலோமி, "ஆமா ஜெசி" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை, அரிசி களைந்துகொண்டிருந்தபோது படம் வந்தது. கஸ்பாரின் இடது கை. சுண்டுவிரல் இருந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. மிருணாளினியே அழைத்தாள்.

"உலுக்குதுன்னு சொன்னேனே, இதுதான். நீங்கதான் முடிவு பண்ணணும். இந்தப் படத்தை ஊருக்குக் காட்டினா அழுதுகிட்டே குடுப்பாங்க. அப்புறம் முதல் நாள்ல இருந்து எண்ணணும்."

"எண்ணுனத விட முடியாது மேடம்" என்றாள் பிலோமி.

படத்தை யாருக்கும் காட்டவில்லை. சோறு வடித்தாள். சாயந்தரம் ஜெபமாலைக்குப் போனாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பாவி கடலிலேயே அழுகட்டும் என்று சபித்தபோது தலையை ஆட்டினாள். வதந்தி எட்டாத இடங்களுக்கு அவளே போன் போட்டாள். துபாயிலும் குவைத்திலும் இருக்கிற ஊர்க்காரர்கள் பாசத்தில் நூறோ இருநூறோ போட்டுவிட்டால் எல்லாம் பாழ். ஒவ்வொருவரிடமும் அதே பொய்யைச் சொல்லி அழுதாள். சொல்லச் சொல்ல அந்த வெளியூர்க்காரிக்கு ஒரு பெயரும் ஒரு தையல் மெஷினும்கூட வந்துவிட்டன. பதினைந்தாம் நாள் மோதிர விரல் போனது. மோதிரத்தைத் தனியாகப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

இருபத்தொன்றாம் நாள் மத்தியானம் தொகை இறங்கியது. ஐம்பத்தெட்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். முகவரியில் கிடப்பது எவ்வளவோ அவ்வளவு, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு நாள் கெடு.

கமிட்டி கூடியது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பீட்டர் மோத்தா எழுந்து, "அந்தப் பயலுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு? எடுத்து இன்னாசி பக்கம் போடுங்க, அவன் உத்தமன்" என்றார். கைதட்டினார்கள். சாவி வைத்திருந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

இவ்வளவும் செய்து கடைசியில் இப்படியா என்று பிலோமி எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கணும். எம் மானம் போனது போனதுதான். அவரு அங்கயே செத்தா தியாகியா செத்துருவாரு. அவரு வரணும். இந்த மண்டபத்துல, உங்க எல்லாரு முன்னாலயும் தல குனிஞ்சு நிக்கணும். நான் நாலு கேள்வி கேக்கணும். அதுக்காவது அவர எனக்கு மீட்டுத் தாங்க."

மண்டபத்தில் அங்கங்கே முணுமுணுப்புக் கிளம்பியது. அப்படியொரு நாளைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கஸ்பார்மீது இருந்த பாசத்தில் கூடச் சனம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. மூன்று சாவி போதும். ஐந்து பேரும் போட்டார்கள்.

கஸ்பார் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு பிலோமி மட்டும்தான் போயிருந்தாள். தெருவில் நடந்து வரும்போது ரொசலின் மாமி வாசலில் நின்று காறித் துப்பினாள். மண்டபத்து விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். கஸ்பார் ஒன்றும் புரியாமல் வீட்டுக்குள் வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தான். பிலோமி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெரல வெட்டும்போது எங்கிட்டத் திரையக் காட்டுனானுவ" என்றான் மெதுவாக. "ஊரு ஒன்ன மறந்துட்டுன்னு சிரிச்சானுவ. நான் நம்பல. எம் பொண்டாட்டி இருக்கா, வித்தாவது தருவான்னேன்."

பிலோமி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் விலக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. பிறகு, "இன்னாசி அண்ணனுக்கு இப்ப எம்புட்டு நிக்கு?" என்று கேட்டான்.

"நாப்பத்தேழு லட்சம். ஏறிக்கிட்டே இருக்கு."

கஸ்பார் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "எண் ஏறுதவனுக்கு அங்க அடி கிடையாது. நல்ல சோறு, கறி, படுக்கக் கட்டில். இன்னாசி அண்ணன் சதை போட்டுட்டான். ஊரு எனக்கும் குடுக்குதுல, எம் பேரும் ஓடுதுலன்னு சிரிச்சுக்கிட்டே இருப்பான். நான் கெளம்புததுக்கு ஒரு வாரம் முந்தி அவனப் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோயிட்டானுவ. அங்க போனவன் எவனும் வெளிய வந்ததில்ல. ஒருத்தன் பதினோரு வருசமா இருக்கானாம்."

"பதினோரு வருசமா? எதுக்கு?"

"அவன் ஊரு இன்னும் குடுத்துக்கிட்டே இருக்கு."

பிலோமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நேரே ஜெசிந்தா வீட்டுக்குப் போனாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஜெசிந்தாவின் வாசலில் நாலைந்து செருப்பு கிடந்தது. உள்ளே பெண்கள் சூழ உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை, யாரோ எடுத்துக் கொடுத்தது. முன்பெல்லாம் தண்ணீர்க் குழாயில் கடைசியாகக் குடம் வைக்கிறவள் அவள். அவளை அடுக்களைக்குக் கூட்டிப்போய், பிலோமி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

ஜெசிந்தா நிதானமாகக் கேட்டாள். "அப்ப எங்க வீட்டுக்காரரப் பத்தி நானும் ஊர்ல அசிங்கமாச் சொல்லணும். அப்படித்தானக்கா?"

"இருபத்தோரு நாள் மட்டும் ஜெசி. எண் நின்னாப் போதும்."

"அவரு வெரல வெட்டட்டும்னு நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கணும்."

பிலோமி பிடிக்கப் போன கையை ஜெசிந்தா இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வாரம் ஒரு வீடியோ வருதுக்கா. ஒரு கீறல் கெடையாது. சதை போட்டு, சிரிச்ச மொகமா இருக்காவ. கல்யாணம் ஆன நாள்லருந்து அவர இந்த ஊரு ஒரு மனுசனா மதிச்சதில்ல. இப்பத்தான் அவரு பேரச் சொல்லுதாவ. அது உங்களுக்குப் பொறுக்கல." அவள் குரல் உயரவேயில்லை. "இம்புட்டு நாளு பக்கத்துலயே உக்காந்து இருந்தீய. அப்பச் சொல்லல. உங்க ஆளு வந்த பெறகு வந்து சொல்லுதீய. நான் நம்பணும்."

அந்த ஒரு கேள்விக்குப் பிலோமியிடம் என்றைக்குமே பதில் இருக்கப்போவதில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னாள், பங்குச் சாமியாரிடம் சொன்னாள், மண்டபத்து விசாரணையில் மைக்கைப் பிடித்துச் சொன்னாள். புருஷன் வந்ததும் பூசி மெழுகுகிறாள் என்று ஊர் சிரித்தது. பொய்யைச் சொன்னபோது ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை. உண்மைக்குக் கேட்டார்கள். மிருணாளினி வந்து சொன்னால் நம்புவார்கள் என்று அவளைக் கூப்பிட்டாள். "அதைச் சபையில சொன்னா நாளைக்கே விதியை மாத்திடுவாங்க. வேற ஊர்ல மூணு பேர் இருபதாம் நாள்ல இருக்காங்க, என்னால முடியாதுங்க" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு மாதம் போயிற்று. கஸ்பாரை எந்தக் கப்பலும் எடுக்கவில்லை. ஊரில் வலை தைக்கிற வேலைகூடக் கிடைக்கவில்லை. கடையில் நின்றால் கடைசியாகத்தான் சாமான். மைதானத்துப் பக்கம் போனால் விளையாடுகிறவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இன்னாசிக்கு ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம் சேர்ந்திருந்தது. கேட்பது ஒரு கோடியே முப்பது.

திருவிழா கொடியேற்றத்தன்று பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொரைரா அண்ணாச்சி மைக்கில், "ஊர்ல ஒரே ஒரு வீடுதான் இன்னாசிக்கு இன்னும் குடுக்கல. யாருன்னு நான் சொல்ல வேண்டாம்" என்றார். எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. முன்வரிசையில் ஜெசிந்தாவும் திரும்பிப் பார்த்தாள்.

கஸ்பார் பையிலிருந்து போனை எடுத்தான்.

"என்ன செய்யுதீய?" என்றாள் பிலோமி, உதடு அசையாமல்.

"இந்த ஊர்லதான பொழைக்கணும்" என்றான் அவன்.

பெரிய வீடு, கட்டில், பதினோரு வருடம் இருக்கிற அந்த மனிதன், எல்லாம் பிலோமிக்கு நினைவு வந்தன. அவன் கையைப் பிடித்து நிறுத்த அவளுக்கு நேரம் இருந்தது. மூன்று விரலுள்ள கையில் போனைப் பிடித்து மற்ற கையால் எழுத்தெழுத்தாகப் பெயரைத் தட்ட அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பார், பிலோமி குடும்பம். ஐயாயிரம். திரையில் பெயர் வந்ததும் முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. அண்ணாச்சி மேடையை விட்டு இறங்கி வந்து கஸ்பாரின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். ரொசலின் மாமி நகர்ந்து தன் பக்கத்தில் பிலோமிக்கு இடம் விட்டாள். பிலோமி போய் உட்கார்ந்தாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.